கர்ப்பப்பை வாய் புற்றுநோய்: வைரஸ் செய்யுற வேலையும் நாம செய்ய வேண்டிய வேலையும்

(ஆலங்குளம் பகுதி உறுப்பினர் கூட்டத்தில் நம் கூட்டமைப்பின் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாசாமாசம் குழுவில் கடன் மனு வாங்கும்போது 'மருத்துவச் செலவு' என்று எழுதி வருகிற மனுக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காய்ச்சல், கண் ஆபரேஷன், தீக்காயம் என்றால் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். கர்ப்பப்பை சம்பந்தமான செலவு என்றால் மட்டும் 'வயித்து வலிக்கா' என்று சொல்லி முடித்துவிடுவோம். கேட்கிறவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. இந்தக் கூச்சத்துக்குள்ளேயே ஒரு நோய் சத்தம் இல்லாமல் வளருகிறது. அதைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போகிறோம்.

கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் வருகிற புற்றுநோய் அது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாகவும், ஏறக்குறைய 80,000 பெண்கள் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. இத்தனைக்கும், வருவதற்கு முன்பே கண்டுபிடித்துத் தடுக்க முடிகிற புற்றுநோய்களில் இது முதல் வரிசையில் இருக்கிறது. தடுக்க முடிகிற நோயில் ஏன் இத்தனை சாவு? நோய் எப்படி வருது என்று நமக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

காரணம் ஒரு வைரஸ்

'பயர் ஆபீஸ்ல மருந்துல கிடந்து வேலை பாக்குறோமே, அதுனாலதான் இது வருதா?' என்று பல ஊர்களில் நம்மிடம் கேட்டார்கள். வெடி மருந்துத் தூசியால் மூச்சுக்கும் தோலுக்கும் தொந்தரவு வரலாம். அதற்கு உறை, முகமூடி, குளியல் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கர்ப்பப்பை வாய் புற்றுநோயில் நூற்றுக்கு 95-க்கும் மேல் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்கிற கிருமி. சுருக்கமாக எச்.பி.வி. என்பார்கள். ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் 1983-லும் 1984-லும் இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளைப் புற்றுநோய்க் கட்டிகளில் கண்டுபிடித்தார். அதற்காக 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. இந்த 16-ம் 18-ம் சேர்ந்துதான் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய் புற்றுநோய்களுக்குக் காரணம்.

இது தாம்பத்திய உறவு வழியாகப் பரவுகிறது. இதைச் சொன்னதும் சில முகங்கள் மாறுவது தெரிகிறது. தயவுசெய்து ஒன்றைக் கவனிங்க. கல்யாணமான ஆண், பெண் யாராக இருந்தாலும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் தொற்றிப் போவது சகஜம். ஒரே புருஷனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். ஆண்களுக்குப் பெரும்பாலும் எந்த அடையாளமும் தெரியாது. தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் தொற்றியது இன்னைக்கு வெளிப்படலாம். ஆகவே இந்த நோயை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையைப் பேசுகிறவர்கள் விவரம் தெரியாமல் பேசுகிறார்கள். நம் குழுவில் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இன்னொரு நல்ல செய்தி. வைரஸ் தொற்றியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே இரண்டு வருஷத்துக்குள் அதை விரட்டிவிடும். மிச்சம் உள்ள சிலருக்குத்தான் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. தங்கியது என்ன செய்கிறது?

மணி, பூட்டு, போர்மேன்

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. கர்ப்பப்பை வாயின் மேல்தோலும் அப்படித்தான். அடுக்கு அடுக்காக இருக்கும். அடி அடுக்கில் உள்ள செல்கள்தான் ஒன்று இரண்டாகப் பிரியும். பிறந்த செல்கள் மேலே வந்து, முதிர்ந்து, கடைசியில் உதிர்ந்துவிடும். ஒரு செல் எப்போது பிரியணும், எப்போது நிறுத்தணும் என்பதைத் தானாக முடிவு செய்யாது. வெளியிலிருந்து 'வளரு' என்ற செய்தி வரணும். அந்தச் செய்தி செல்லின் வாசலில் வாங்கப்பட்டு, உள்ளே ஒரு புரதத்திடமிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறிப் போகும். நாம் சரம் பின்னும்போது கைக்குக் கை கொடுத்து விடுவது மாதிரி.

பயர் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வேலை தொடங்க மணி அடிக்கணும். மருந்து அறைக்குப் பூட்டு இருக்கணும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்தால், மருந்து சூடு ஏறினால், 'நிறுத்து, வெளியே போ' என்று சொல்ல போர்மேன் இருக்கணும். இந்த மூணும் ஒழுங்காக இருக்கிற வரைக்கும் வேலை பத்திரமாக நடக்கும். செல்லுக்குள்ளும் இதே மாதிரி மூணு காவல் உண்டு.

மணி என்பது 'வளரு' என்ற செய்தியை வாங்குகிற வாசல். செய்தி வந்து முடிந்ததும் செல் அந்த வாசலை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். மணி அடித்து ஓய்ந்து போகும்.

பூட்டு என்பது ஆர்.பி. என்கிற புரதம். செல்லைப் பிரியச் செய்கிற இன்னொரு புரதத்தை இது கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். தேவை வரும்போது மட்டும் விடும்.

போர்மேன் என்பது பி53 என்கிற புரதம். செல்லில் ஏதாவது பழுது இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும். பழுது பார்க்க முடியும் என்றால் பார்க்க வைக்கும். முடியாது என்றால் 'நீ செத்துப் போ' என்று அந்தச் செல்லுக்கே உத்தரவு போடும். ஒரு கெட்ட செல் செத்தால் உடம்பு பிழைக்கும்.

இப்போது வைரஸைப் பார்ப்போம். நம் உடம்பில் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. இந்த வைரஸிடம் இருப்பது எட்டோ என்னவோதான். தன்னைப் போல இன்னொன்றைப் பிரதி எடுக்க அதனிடம் சொந்தத் தளவாடம் கிடையாது. நம் செல்லின் தளவாடத்தைத்தான் நம்பியிருக்கிறது. செல் வேலையை நிறுத்திவிட்டால் வைரஸ் பிழைக்க முடியாது. அதனால் செல்லை நிறுத்த விடாமல் ஓட வைக்க மூணு புரதங்களை அது தயார் செய்கிறது. அவற்றுக்கு இ5, இ6, இ7 என்று பெயர்.

இ5 மணியைக் கவனித்துக் கொள்கிறது. வாசல் சிதைந்து போகாமல் தடுக்கிறது. ஒரு தடவை அடித்த மணி அடித்துக் கொண்டே இருக்கிறது.

இ7 பூட்டை எடுத்துவிடுகிறது. ஆர்.பி. புரதத்தோடு ஒட்டிக் கொண்டு, அது பிடித்து வைத்திருந்ததை விடச் செய்கிறது. செல் பிரிய ஆரம்பிக்கிறது.

மணி ஓயாமல் அடித்தால், பூட்டும் திறந்து கிடந்தால் போர்மேன் சும்மா இருப்பாரா? பி53 விழித்துக் கொள்ளும். அதற்காகத்தான் இ6. இது போர்மேனைத் தன் கையால் ஒன்றும் செய்வதில்லை. பழைய புரதங்களுக்கு 'கழிவு' என்று முத்திரை குத்துகிற ஒரு ஆள் நம் செல்லிலேயே இருக்கிறார். இ6 அந்த ஆளைக் கையோடு கூட்டி வந்து பி53 மேல் முத்திரை குத்த வைக்கிறது. முத்திரை விழுந்ததை எல்லாம் அரைத்துப் போடுவது செல்லின் வழக்கம். அப்படி நம் செல்லே தன் போர்மேனை அரைத்துப் போட்டுவிடுகிறது. அது மட்டுமில்லை. ஒரு செல் இத்தனை தடவைதான் பிரியலாம் என்று ஒரு கணக்கு உண்டு. இ6 அந்தக் கணக்கையும் தள்ளி வைத்துவிடுகிறது.

இதுவரைக்கும் நடந்தது புற்றுநோய் கிடையாது. காவல் இல்லாத செல் பிரியும்போதெல்லாம் ஒவ்வொரு பிழை சேருகிறது. திருத்த ஆள் இல்லை. வருஷக்கணக்கில் பிழை மேல் பிழை. சில செல்களில் வைரஸின் மரபணு உடைந்து நம் மரபணுவுக்குள்ளேயே ஒட்டிக் கொள்ளும். அப்படி உடையும்போது, இ6, இ7 இரண்டையும் அளவோடு வைத்திருந்த வைரஸின் சொந்தக் கட்டுப்பாடும் பல சமயம் உடைந்து போகும். அதற்குப் பிறகு அவை இஷ்டத்துக்குப் பெருகும். இப்படிப் படிப்படியாகத்தான் புற்றுநோய் உண்டாகிறது. உடல் தெம்பு உள்ள பெண்ணுக்கு இதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு, சிகிச்சை எடுக்காவிட்டால், 5 முதல் 10 வருஷத்திலேயே வந்துவிடலாம்.

இந்தக் காவல்கள் செத்துப் போவதில்லை

அமெரிக்காவில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். புகையிலைக் காட்டில் பாடுபட்ட குடும்பம். ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். 1951-ல் தன் 31-வது வயதில் இந்த நோயால் இறந்து போனார். அவரிடம் கேட்காமலே அவருடைய கட்டியிலிருந்து மருத்துவமனையில் எடுத்த செல்கள் இன்று வரைக்கும் உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்து கொண்டிருக்கின்றன. அவற்றில் இருப்பது 18-ம் வகை வைரஸ். அந்தச் செல்களில் இ6, இ7 இரண்டையும் அடக்கிப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளியானது. அத்தனை வருஷம் ஓயாமல் பிரிந்து கொண்டிருந்த செல்களில் பி53-ம் ஆர்.பி.யும் திரும்ப வேலைக்கு வந்தன. செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டன.

அதாவது நம் காவல்கள் இடத்தில்தான் இருக்கின்றன. வைரஸ் அவற்றை அமுக்கி வைத்திருக்கிறது. இதையே ஊசி மருந்தாக்கி நோயாளிக்குக் கொடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் வைரஸ் எடுத்துக் கொள்கிற அந்தப் பத்துப் பதினைந்து வருஷம் நம் கையில் இருக்கிறது. புற்று ஆவதற்கு முன்னால் அந்த இடத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

வினிகரில் தெரிகிற வெள்ளை

கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற நர்சம்மா செய்கிற பரிசோதனை இது. வி.ஐ.ஏ. என்பார்கள். காசு கிடையாது. கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரியான அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீராகக் கலந்து தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். லேசாக எரியலாம். வலி இருக்காது.

பாலில் எலுமிச்சை விட்டால் திரிகிறதல்லவா? புளிப்பு பட்டால் புரதம் திரியும். இ6-ம் இ7-ம் விடாமல் பிரிய வைத்த செல்களில் புரதம் நெருக்கமாக இருக்கும். அதனால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் கிடையாது. மேற்கொண்டு பார்க்கணும் என்று அர்த்தம். புற்றுக்கு முந்தைய நிலை என்றால், பல பேருக்கு அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சூடு வைத்தோ சில நிமிஷத்தில் அழித்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. வெள்ளைப்படுதல் என்று போனாலே 'கர்ப்பப்பையை எடுத்திரு, இல்லேன்னா புத்தாயிரும்' என்று பயந்து கடன் வாங்கி ஆபரேஷன் செய்தவர்கள் நம்மிடையே உண்டு. இனி அப்படி யாராவது சொன்னால், முதலில் அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

மாதவிலக்கு நின்று போனவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் உள்ளே தள்ளிப் போயிருக்கும். அவர்களுக்கு வி.ஐ.ஏ. சரியாக வராமல் போகலாம். பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனை செய்ய டாக்டரிடம் கேட்கணும்.

திண்டுக்கல்லில் நடந்தது

'நம்ம ஊரு மாதிரி இடத்துல இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ நிலையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து 2000-ல் ஒரு வேலையைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்கள் 49,311 பேரை இந்த வினிகர் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பரிசோதித்தது பயிற்சி பெற்ற நர்சுகள். 31,343 பேர் வந்தார்கள். அவர்களில் 3,088 பேருக்கு வெள்ளை தெரிந்தது. 1,874 பேருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தது.

முடிவு 2007-ல் வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்படாத பஞ்சாயத்துகளோடு ஒப்பிட்டால், அழைத்த பஞ்சாயத்துகளில் இந்த நோய் வருவது நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை செய்த பரிசோதனைக்கு இந்தப் பலன்.

இதே கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்க. அழைத்தும் வராதவர்கள் ஏறக்குறைய 18,000 பேர். மாற்றம் இருப்பது தெரிந்த 1,874 பேரிலும் சிகிச்சை எடுத்தவர்கள் நூற்றுக்கு 72 பேர்தான். வீட்டு வாசல் வரைக்கும் வந்த வாய்ப்பு இது. வேலை, வெட்கம், பயம், வீட்டில் அனுமதி இல்லாதது என்று அவர்களுக்கு என்னென்ன தடை இருந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? அதே தடைகள்தான் ஆலங்குளத்திலும் வெம்பக்கோட்டையிலும் இருக்கின்றன.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை எப்போதாவது செய்தவர்கள் நூற்றுக்கு 9.8 பேர். இந்திய அளவில் 1.9 பேர். நம் மாநிலம் முன்னால் இருக்கிறது என்று சந்தோஷப்படலாம். ஆனால் 2030-க்குள் நூற்றுக்கு 70 பெண்களாவது 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45 வயதுக்குள் இன்னொரு தடவையும் பரிசோதித்திருக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வைத்த இலக்கு. பத்தும் எழுபதும் எவ்வளவு தூரம்!

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி

வைரஸ் தொற்றுவதற்கு முன்பே போட்டுக் கொண்டால் தடுக்கிற ஊசி இருக்கிறது. அதில் இருப்பது வைரஸின் மேல் ஓடு மாதிரி செய்த வெறும் கூடு. உள்ளே மரபணு கிடையாது. இ6, இ7 எதுவும் கிடையாது. அதனால் ஊசியால் நோய் வராது. உடம்பு அந்த ஓட்டை அடையாளம் வைத்துக் கொண்டு, நிஜ வைரஸ் வரும்போது விரட்டிவிடும். 9 முதல் 14 வயது வரைக்கும் உள்ள பெண் பிள்ளைகளுக்குப் போடுவது நல்லது. ஒரே ஒரு ஊசியே நல்ல பாதுகாப்பு தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. அதே வருஷம் இந்தியாவிலேயே தயாரான 'செர்வாவேக்' ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில், 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. உங்கள் ஊரில், உங்கள் பள்ளிக்கூடத்தில் எப்போது என்று கிராம சுகாதார நர்சிடம் கேளுங்கள். ஊசி போட்ட பிள்ளையும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்து கொள்ளத்தான் வேண்டும். ஏற்கெனவே தங்கிவிட்ட வைரஸை ஊசி விரட்டாது.

குழுவில் செய்ய வேண்டியவை

1. அடுத்த குழுக் கூட்டத்தில் 30 முதல் 65 வயதுள்ள உறுப்பினர்கள் பெயரை எழுதுங்கள். பரிசோதனை செய்தவர், செய்யாதவர் என்று பிரியுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை செய்யணும்.

2. தனியாகப் போகச் சொன்னால் போக மாட்டோம். மாசம் நாலைந்து பேராகச் சேர்ந்து போவோம். என்னைக்கு வரலாம் என்று நர்சம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்வோம். மாதவிலக்கு நாளைத் தவிர்ப்போம்.

3. ஒரு நாள் கூலி போகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. வேண்டியவர்களுக்குப் பஸ் செலவுக்கும் அன்றைய செலவுக்கும் குழு சேமிப்பிலிருந்து சிறு கடன் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள்.

4. தீர்மானப் புத்தகத்தில் 'போனார்' என்று மட்டும் எழுதுங்கள். முடிவு என்ன வந்தது என்பதை எழுதாதீர்கள், யாரும் கேட்கவும் வேண்டாம். அது அந்தப் பெண்ணுடைய சொந்த விஷயம்.

5. மேல் சிகிச்சைக்கு வரச் சொன்னவர் திரும்பப் போகாமல் விட்டுவிடக் கூடாது. அவர் விரும்பினால் ஒருவர் துணைக்குப் போங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. அட்டை இல்லாதவர்கள் இப்போதே வாங்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யலாம்.

6. இடையில் ரத்தம் படுதல், உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் பரிசோதனை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள். ஆனால் புற்றுக்கு முந்தைய நிலையில் இந்த அடையாளம் எதுவுமே இருக்காது. 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே' என்று சொல்கிற மதினிதான் முதலில் போகணும்.

பயர் ஆபீசில் போர்மேன் இல்லாத நாளில் நாம் மருந்தைத் தொடுவதில்லை. உடம்புக்குள் போர்மேன் இருக்கிறாரா, விரட்டிவிட்டார்களா என்று நமக்கு வெளியிலிருந்து தெரியாது. பார்த்துச் சொல்ல ஒரு நர்சும், ஒரு விளக்கும், ஒரு நிமிஷமும் போதும். அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தங்கள் பட்டியலைக் கொண்டு வரும்படி கேட்டுக் கொள்கிறோம்.